அவகாடோ பொடியை நம்பிப் பழத்தை விட்டுவிடலாமா?

கேள்வி இது: "அவகாடோ வாங்கினால் ஒன்று, கல் மாதிரி பழுக்காமலே சுருங்கிப் போகிறது, இல்லையென்றால் வெட்டும்போது உள்ளே கறுத்திருக்கிறது. ஆன்லைனில் அவகாடோ பொடி பார்த்தேன். பழத்துக்குப் பதில் அதையே வாங்கி வைத்துக்கொண்டு மில்க் ஷேக், சப்பாத்தி, சட்னி, கேக் எல்லாவற்றுக்கும் போடலாமா? ருசியும் சத்தும் அதேதானா?"

எல்லாவற்றுக்கும் போட முடியாது. பாலில் அடிக்க, மாவில் பிசைய, தயிரோடு கலந்து சாலட்டில் ஊற்ற நல்ல பொடி தாராளமாக உதவும். பழத்தை மசித்தோ நறுக்கியோ அப்படியே சாப்பிடுகிற எதற்கும் அது சரிவராது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழம் வீணாகிறதே என்ற எரிச்சலில்தான் பொடியைத் தேடுகிறீர்கள் என்றால், அதைவிட மலிவான, ருசியான தீர்வு உங்கள் வீட்டு ஃப்ரீசரிலேயே இருக்கிறது. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஹாஸ் ரகத்தை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தன் தோட்டத்தில் வளர்த்து 1935-ல் காப்புரிமை பெற்ற மரத்தின் வழிவந்தது அது. அதன் சதை 100 கிராமில் சுமார் 73 கிராம் தண்ணீர், 15 கிராம் கொழுப்பு, 7 கிராம் நார்ச்சத்து, 2 கிராம் புரதம். சர்க்கரை ஒரு கிராம்கூடத் தேறாது. இந்தக் கொழுப்பு நுண்ணிய துளிகளாகச் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பழம் பழுக்கும்போது செல் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் இளகுகிறது. கரண்டியால் அழுத்தியதும் செல்கள் உடைந்து, கொழுப்பும் தண்ணீரும் நாரும் பிரியாமல் ஒன்றாகக் குழைகின்றன. நாக்கில் வெண்ணெய் போல வழுக்கும் அந்தப் பதம் இப்படித்தான் வருகிறது. அவகாடோவுக்குச் சொந்த வாசனை மிக மெல்லியது. பழத்தின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு இந்தப் பதம்தான்.

பொடியாக்கும்போது தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். செல் சுவர்கள் ஒடுங்கிப்போகின்றன, துளிகளாக இருந்த கொழுப்பில் ஒரு பகுதி வெளியே கசிந்து துகள்களின் மேல் படிகிறது. திரும்பத் தண்ணீர் ஊற்றினால் எடை திரும்பும், பச்சை நிறம் ஓரளவு திரும்பும், அந்தக் குழைவு திரும்பாது. லேசான மணல்தன்மையோ, பசை மாதிரியான பிசுபிசுப்போ நாக்கில் தட்டும். தேங்காய்ப்பால் பொடி நம் எல்லோருக்கும் பழக்கம்தானே. அவசரத்துக்குக் குழம்பில் கலக்கினால் வேலை முடிந்துவிடும். ஆப்பத்துக்கு ஊற்றித் தின்னும்போது அப்போதே பிழிந்த பால் வேண்டும் என்று நாக்கு கேட்கும். அவகாடோ பொடியும் அதே கதைதான். இன்னொரு உணவுக்குள் கரைந்து போகிற இடத்தில் அது நல்ல சேர்மானம். தானே முன்னால் வந்து நிற்க வேண்டிய இடத்தில் அதனால் முடியாது.

அடுத்து, பொடி என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. உறைய வைத்து உலர்த்துவது ஒரு முறை. சதையைக் கட்டியாக உறையவைத்து, காற்றில்லாத அறையில் வைத்து, பனிக்கட்டி தண்ணீராக உருகாமலே நேரடியாக ஆவியாகும்படி செய்கிறார்கள். சூடு குறைவு என்பதால் நிறமும் மணமும் வைட்டமின்களும் நன்றாகவே தங்கும். ஆனால் இயந்திரமும் மின்சாரமும் நேரமும் அதிகம் பிடிக்கிற வேலை, விலையும் அப்படியே. இரண்டாவது தெளித்து உலர்த்தும் முறை. கூழைச் சூடான காற்றுக்குள் தூறல் போலத் தெளித்தால் நொடிகளில் தூளாகி விழும். பால் பவுடர் தயாராவது இப்படித்தான். அவகாடோவில் கொழுப்பு மிகுதி என்பதால் வெறும் கூழை இப்படித் தெளித்தால் இயந்திரச் சுவரில் அப்பிக்கொள்ளும். அதைத் தவிர்க்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருளைக் கணிசமாகக் கலப்பார்கள்.

இங்கேதான் வாங்குபவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு சின்ன கணக்கு. 100 கிராம் சதையில் தண்ணீர் போக மிஞ்சுவது 27 கிராம். அதாவது 100 கிராம் சுத்தமான பொடிக்குச் சுமார் 370 கிராம் சதை வேண்டும். அந்தப் பொடியில் கொழுப்பு 55 கிராம் அளவுக்கும், நார்ச்சத்து 25 கிராம் அளவுக்கும் இருந்தாக வேண்டும். தண்ணீர் அதிகமான ரகத்திலிருந்து செய்திருந்தால்கூடக் கொழுப்பு 45 கிராமுக்குப் பக்கத்தில் வரும். பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமுக்குக் கொழுப்பு 30, கார்போஹைட்ரேட் 60 என்று இருந்தால், நீங்கள் காசு கொடுப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு என்று அர்த்தம். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது இந்தியாவில் விதி. அதையும் ஒருமுறை படியுங்கள்.

இது வெறும் காசு விஷயமில்லை. அவகாடோவைத் தேடி வாங்குகிறவர்களில் நிறைய பேர் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை இல்லாத பழம் என்ற ஒரே காரணத்துக்காக. மால்டோடெக்ஸ்ட்ரின் இனிப்பாக இல்லாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றக்கூடியது. அப்பாவுக்கு நல்லது என்று நினைத்து வாங்கிக் கொடுக்கும் பொடி அதற்கு நேர்மாறாக வேலை செய்தால் எவ்வளவு வருத்தம். இந்த ஒரு காரணத்துக்காகவே அட்டவணை இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

இன்னும் சில குழப்பங்கள் உண்டு. அதே பெயரில் முகப்பூச்சுக்கான தூளும் விற்கிறார்கள். அது சமையலுக்கானது அல்ல. கொட்டையை அரைத்த தூளையும் சத்து மிகுந்தது என்று விற்கிறார்கள். கலிஃபோர்னியாவின் அவகாடோ ஆணையமே கொட்டையைச் சாப்பிடுவதைப் பரிந்துரைப்பதில்லை, அதன் பாதுகாப்பு உறுதியாகாததால். நானும் வேண்டாம் என்றே சொல்வேன். அவகாடோ இலைத்தூள் வேறு விஷயம். மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியில் கறுப்பு பீன்ஸ் வேகும்போது ஒரு குறிப்பிட்ட ரக மரத்தின் இலையைச் சோம்பு வாசனைக்காகப் போடுவார்கள். அது மசாலா, சதைப்பொடிக்கு மாற்றாகாது. நம் தோட்டத்து மரத்து இலையைப் பறித்து அப்படிச் செய்துவிடவும் கூடாது. எல்லா ரகமும் அந்த ரகமல்ல. வீட்டில் ஆடு, முயல், கிளி வளர்க்கிறவர்கள் இலை, தோல், கொட்டை எதையும் அவற்றுக்குப் போடவே கூடாது. பெர்சின் என்ற பொருள் அவற்றுக்கு நஞ்சு.

குவாகமொலே என்பது அவகாடோவை மசித்து எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லி சேர்த்துச் செய்யும் மெக்சிகோ துவையல். குவாகமொலே மிக்ஸ் என்று வரும் சிறு பாக்கெட்டுகளும் அவகாடோ பொடி அல்ல. பெரும்பாலும் உப்பு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், மிளகாய்தான். பழத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பெயரில் ஒன்று, உள்ளே வேறொன்று என்பது பெரிய நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்காவில் குவாகமொலே என்று விற்ற டிப்பில் அவகாடோ 2 சதவீதம்கூட இல்லை என்று 2006-ல் வழக்கே நடந்தது.

சரி, சமையலுக்கு வருவோம். குவாகமொலே, டோஸ்ட் மேல் தடவுவது, தயிர்ப் பச்சடி, சாலட்டில் துண்டு போடுவது, இலங்கையில் செய்வது போலச் சீனியோ கித்துல் என்ற பனைவகையின் பாகோ சேர்த்து மசித்துக் கரண்டியால் சாப்பிடுவது, இவை அத்தனைக்கும் பழம் மட்டும்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொடியைக் கரைத்துச் செய்த குவாகமொலேயில் எவ்வளவு எலுமிச்சை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் போட்டாலும் மாவுப் பசை ஞாபகம் போகாது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் தேங்காயோடு அரைக்கும் சட்னி மட்டும் நடுவில் நிற்கிற விஷயம். அங்கே தேங்காயின் பதம் கைகொடுப்பதால் ஒரு தேக்கரண்டி பொடி சேர்த்தால் சட்னி கெட்டியாகவும் வழவழப்பாகவும் வரும். முழுக்கப் பொடியை நம்பி அரைத்தால் நன்றாக இராது.

மில்க் ஷேக்கில் பொடி உண்மையாகவே ஜெயிக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இந்தப் பழத்தை முதலில் ருசித்ததே ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் ஜூஸாகத்தான் இருக்கும். இந்தோனேசியாவில் சாக்லேட் பாகோடும், வியட்நாமிலும் பிலிப்பைன்ஸிலும் கண்டென்ஸ்டு மில்க்கோடும், பிரேசிலில் பாலும் சர்க்கரையும் சேர்த்தும் இதை அடித்துக் குடிக்கிறார்கள். இனிப்போடு சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் உலகத்தில் பாதி இடங்களில் இருக்கிறது. எல்லாமே மிக்ஸியில் அடிபட்டுக் கரைவதால், பதம் தொலைந்த பொடிக்கு அங்கே குறையே தெரியாது. ஒரு டம்ளர் பாலுக்கு 15 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, போதும். அது 55 கிராம் சதைக்குச் சமம். ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. பொடியைக் குளிர்ந்த பாலில் நேராகக் கொட்டாதீர்கள். துகள்களின் மேல் படிந்த கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாது, கட்டிகட்டியாக மிதக்கும். முதலில் வெதுவெதுப்பான பால் மூன்று நான்கு கரண்டி ஊற்றிக் குழைத்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் குளிர்ந்த பாலும் சர்க்கரையும் சேர்த்து அடியுங்கள். ஐஸ்கிரீமுக்கும் குல்ஃபிக்கும் பொடி இன்னும் நன்றாகவே பொருந்தும். தண்ணீர் சேராமல் கொழுப்பு மட்டும் கூடுவதால் பனித்துகள் குறைவாகக் கட்டும்.

சப்பாத்தியில் இரண்டுமே நன்றாக வரும். கால் கிலோ கோதுமை மாவுக்குப் பாதிப் பழத்தின் சதை, சுமார் 70 கிராம், போட்டுப் பிசைந்தால் எண்ணெய் தேவைப்படாது, மறுநாள் வரைக்கும் மிருதுவாக இருக்கும். பொடி என்றால் 20 கிராம் எடுத்து மாவோடு உலர்வாகவே கலந்துவிட்டு, வழக்கமான தண்ணீரைவிட 50 மில்லி கூடுதலாக ஊற்றிப் பிசையுங்கள். பொடியில் இருக்கும் நார் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அதனால் பிசைந்ததும் மாவு தளர்வாகத் தெரிந்தால் பயந்து மாவைக் கொட்டாமல் அரை மணி நேரம் மூடி வையுங்கள். நீர்ச்சத்தின் அளவு ஒவ்வொரு பழத்துக்கும் மாறும். பொடியில் அது மாறாது. தினமும் காலையில் அவசரமாகப் பிசைகிறவர்களுக்கு அது ஒரு நிம்மதி.

கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் அதே அளவு அவகாடோ போடலாம் என்று நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். எடையில் சமமாக இருக்கலாம், வேலையில் சமமாக முடியாது. 100 கிராம் வெண்ணெயில் 80 கிராம் கொழுப்பு. 100 கிராம் பழத்தில் 15 கிராம்தான், கூடவே 73 கிராம் தண்ணீர். கேக் ஈரமாகவும் கனமாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். பொடி இந்தத் தண்ணீர்ச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் நாரைக் கூட்டிவிடும். 80 கிராம் கொழுப்புக்கு 145 கிராம் பொடி வேண்டும், அதில் 36 கிராம் நார். மாவு சிமெண்ட் போல இறுகிவிடும். எனவே வெண்ணெயில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். 25 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 35 கிராம் பொடி, கூட இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால். அழகான பச்சை நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பச்சையம் பழுப்பு கலந்த பச்சையாக மாறும். கீரையை மூடி போட்டு அதிக நேரம் வேகவைத்தால் நடக்கும் அதே மாற்றம். சாக்லேட் கேக், பிரௌனி என்றால் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை.

சூடு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அவகாடோவை அதிகம் சூடாக்கினால் கசக்கும். கொழுப்பு அமிலங்களிலிருந்து வரும் சில நீண்ட சங்கிலிச் சேர்மங்கள் அந்தக் கசப்புக்குக் காரணம். பழம், பொடி இரண்டுக்கும் இது பொருந்தும். உலர்த்தும்போதே அதிகச் சூடு பட்ட பொடி, பாக்கெட்டைத் திறக்கும்போதே கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஆகவே சாம்பாரிலோ குருமாவிலோ கெட்டிக்காகப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். சூப் என்றால் அடுப்பை அணைத்து, ஆவி கொஞ்சம் அடங்கியபின் கலக்குங்கள். மெக்சிகோவில் டார்ட்டியா (சோள ரொட்டி) சூப்புக்குப் பழத்துண்டுகளைப் பரிமாறும் கிண்ணத்தில்தான் போடுவார்கள், கொதிக்கும் பாத்திரத்தில் போடுவதில்லை. சப்பாத்தி கல்லில் கிடப்பது ஒரு நிமிடம்தான், மாவில் அவகாடோவின் பங்கும் குறைவு என்பதால் அதில் கசப்பு தெரியாது.

சாலட்டுக்கு ஊற்றும் கலவைக்கு நான் பழத்தைவிடப் பொடியையே விரும்புகிறேன். அரை கப் கெட்டித் தயிர், ஒரு மேசைக்கரண்டி பொடி, எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, உப்பு, மிளகு. இதற்காக ஒரு முழுப் பழத்தை வெட்டி, மீதியை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. பொடியின் நார் தயிரையும் சாற்றையும் பிரியாமல் பிடித்து வைக்கும். ஆனால் எலுமிச்சையைத் தவிர்க்காதீர்கள். வெட்டிய பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி, உறைய வைத்து உலர்த்தும்போது சாவதில்லை, தூங்குகிறது. தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். புளிப்புதான் அதன் வேகத்தைக் குறைக்கும்.

கைக்குழந்தைக்கு முதல் உணவாகக் கொடுக்கிறவர்கள் பழத்தையே மசித்துக் கொடுங்கள். பொடிக்கு அங்கே எந்தத் தேவையும் இல்லை.

சத்து அதேதானா என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்பு, நார்ச்சத்து, பொட்டாசியம் ஆகியவை பொடியில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தண்ணீர் போனதால் செறிந்தும் இருக்கும். இழப்பு வருவது முக்கியமாக வைட்டமின் சி-யில். பழத்திலேயே அது 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்தான் என்பதால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், நெல்லிக்காயும் கொய்யாவும் அந்த வேலையை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். அவகாடோவின் நிஜமான உதவி வேறு இடத்தில் இருக்கிறது. தக்காளி, கேரட் போன்றவற்றில் உள்ள நிறமிகளை உடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தக்காளி சல்சாவோடு அவகாடோ சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு லைகோபீன் என்ற நிறமி நான்கு மடங்குக்கு மேலும், பீட்டா கரோட்டீன் என்ற நிறமி இரண்டரை மடங்குக்கு மேலும் அதிகம் சேர்ந்தது. அதைச் செய்வது கொழுப்பு என்பதால் கலப்படமில்லாத பொடியும் அந்த உதவியைச் செய்யும் என்று எதிர்பார்க்கலாம். நம் வீட்டில் கேரட் பொரியலுக்குத் தேங்காயும் எண்ணெயும் சேர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அவகாடோ கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

சிலர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினைக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குப் பழமே அளவோடுதான். 100 கிராம் சதையில் 485 மில்லிகிராம் இருக்கிறது. பொடியில் அதே எடைக்கு ஏறக்குறைய 1,800 மில்லிகிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டியிலேயே 120-க்கு மேல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் கே உள்ள உணவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பு வருகிறவர்களில் சிலருக்கு அவகாடோவும் வாழைப்பழமும் கிவியும் ஒத்துக்கொள்ளாது. பொடியானதால் அந்த ஒவ்வாமை போய்விடாது.

இனி பழத்தின் பக்கம். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கலுக்கும் தெளிவான காரணம் உண்டு. அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றியதும் பறித்தால் அப்புறம்தான் பழுக்கும். முற்றுவதற்கு முன் பறித்த காய் எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காமல் ரப்பர் மாதிரி சுருங்கும். கலிஃபோர்னியாவில் ஹாஸ் காயில் தண்ணீர் நீங்கலான எடை 20.8 சதவீதம் எட்டாமல் விற்பனைக்குப் பறிக்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சீசனுக்கு முன்பே, நல்ல விலைக்கு ஆசைப்பட்டுப் பறித்து வருவதை வாங்கினால் கல்லாகத்தான் இருக்கும். உள்ளே கறுப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், பழுக்காத காயை ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிரில் அது அடிபட்டு, பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காமல் சாம்பல் நிறமாகிறது. கோடையில் 30 டிகிரிக்கு மேல் சமையலறையில் கிடந்தாலும் ஒரு பக்கம் கூழாகி ஒரு பக்கம் இறுகி நிற்கும். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள்.

காயை அரிசிப் பானைக்குள் புதைத்தோ, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் சுற்றியோ வைத்தால், வெளிவரும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கிச் சீக்கிரம் பழுக்க வைக்கும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் இணங்க வேண்டும், அதுதான் பதம். கட்டைவிரலால் குத்திப் பார்க்காதீர்கள், அந்த இடம் கறுத்துவிடும். டான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஹாஸ் பழுத்தால் தோல் கறுக்கும். தாண்டிக்குடி, ஏற்காடு, நீலகிரிப் பக்கம் காபித் தோட்டங்களில் நிழல் மரமாக வளர்வதில் பல ரகங்கள் பச்சையாகவே பழுக்கும், நிறத்தை நம்ப முடியாது. கீழ்ப்பழனி மலையில் இருக்கும் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிகேடி 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். சீசனில் மலைப்பழம் கிடைக்கிறவர்கள் பொடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழுத்துப் பதம் வந்ததும் முழுப்பழமாக ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். தண்ணீரில் மூழ்க வைத்துப் பாதுகாக்கலாம் என்று பரவிய காணொளிகளை நம்ப வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் லிஸ்டீரியா, சால்மொனெல்லா கிருமிகள் அப்படிப் பெருகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் எச்சரித்தது.

இப்போது ஃப்ரீசர். ஒரே நேரத்தில் நான்கைந்து பழம் பழுத்துவிட்டால், சதையை எடுத்து, பழத்துக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மசித்து, ஜிப் பையில் போட்டுத் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் தேவையான அளவு உடைத்து எடுக்கலாம். ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்துப் பைக்கு மாற்றுவதும் வசதி. மூன்று நான்கு மாதம் நன்றாக இருக்கும். உருகியதும் கொஞ்சம் நீர் விடும், துண்டு போட உதவாது. மில்க் ஷேக், சப்பாத்தி, சட்னி மூன்றுக்கும் பொடியைவிட ருசியில் ஒரு படி மேல். வீட்டில் பொடியே செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: வெயிலில் காயவைத்தால் வற்றல் மாதிரி மொறுமொறுப்பாகாது. கொழுப்பு காயாது என்பதால் தோல் போல இழுபடும், மிக்ஸியில் போட்டால் விழுதாகும், சில நாளில் காறல் வாடை வந்துவிடும்.

அப்படியானால் பொடி யாருக்கு? நல்ல பழம் வந்து சேராத ஊரில் இருப்பவர்களுக்கு, மாதத்தில் பாதி நாள் பயணத்தில் இருக்கிறவர்களுக்கு, விடுதி அறையில் ஃப்ரீசர் இல்லாதவர்களுக்கு, ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிறவர்களுக்கு. விலையைப் பார்க்கும்போது, 100 கிராம் சுத்தப் பொடியை 370 கிராம் சதையோடு ஒப்பிட வேண்டும். தோலும் கொட்டையும் சேர்த்தால் அது அரை கிலோவுக்குச் சற்று அதிகமான பழம். கொட்டை பெரிதான நாட்டுப்பழம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்குவதாக முடிவு செய்தால் இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கிற பொடி, காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்குப் பிடிக்கும். சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் கட்டியும் தட்டும். ஒளி புகாத டப்பாவில் இறுக்கி மூடி ஃப்ரீசரில் வையுங்கள், எடுத்தவுடன் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் உள்ளே நீர் கோக்காது. உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துங்கள், பிரித்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். முதல்முறை திறந்ததும் ஒரு தேக்கரண்டி பொடியை மூன்று தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் கழித்து முகர்ந்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். பச்சைப் புல்லும் பருப்பும் கலந்தது போன்ற மெல்லிய வாசனையும் வழவழப்பும் இருந்தால் நல்ல பொடி. இனிப்புத் தட்டினால் ஏதோ கலந்திருக்கிறது. பழைய எண்ணெய் வாடையோ, தொண்டையில் நிற்கிற கசப்போ இருந்தால் விற்றவரிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள், எதிலும் சேர்க்க வேண்டாம்.